கொண்டைக்காரியின் கால்கள்

தன் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு வந்ததும் லிஃப்ட் மெக்கானிக் முதலில் கண்ணாடியில் 'ஹா' என்று ஊதுவார். பனியன் நுனியால், கேமராவின் மூக்கு பதியும் அளவுக்கு மட்டும் ஒரு வட்டம் துடைப்பார். மீதிக் கண்ணாடி எண்ணெய்ப் பிசுக்கோடு கிடக்கும். அது அவர் இலாகா இல்லை. பிறகு தோட்டத்துக்கு வந்திருக்கும் பறவையின் காலைப் படமெடுப்பார். கூண்டிலிருந்து தப்பியதென்றால் காலில் பெரும்பாலும் வளையம் இருக்கும். வளையத்தில் உள்ள எண் தெரிந்தால் சொந்தக்காரரைப் பிடித்துவிடலாம்.

"நம்ம கல்யாணத்துக்கு நீங்க படம் எடுத்திருந்தா ஆல்பம் பூரா செருப்புதான் இருந்திருக்கும்" என்பாள் மனைவி.

இந்த முறை துணிக்கொடியில் வந்து உட்கார்ந்தது ஒரு வளர்ப்புக் கிளி. மஞ்சள் கொண்டை, கன்னத்தில் செம்பொட்டு. வளையம் இல்லை. அவர் வெளியே போனதும் தோளில் ஏறிக் காது மடலைச் செல்லமாகக் கவ்வியது. மனிதர் அங்கேயே மனசைப் பறிகொடுத்துவிட்டார்.

"யாரும் கேட்டு வரலைன்னா நாமளே வெச்சுக்கலாங்க" என்றாள் மனைவி.

"குரூப்புல போடாம வெச்சுக்கிட்டா திருட்டு மாதிரி ஆயிடாதா?"

"அப்ப போடுங்க. யாரு வேணாம்னா?"

போட்டார். தெருக்காரர்களின் வாட்ஸாப் குழுவில், 'இது யாருடைய பறவை?' என்று. படத்தில் கொடியைப் பற்றிய இரண்டு கால்கள் மட்டும். மனசாட்சிக்கும் பதில் சொன்ன மாதிரி ஆயிற்று, பறவையும் தங்கும்.

"கோழியா சார்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். மெக்கானிக்கின் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மறுநாள் கூண்டும் கையுமாக ஒரு நர்ஸ் வாசலில் நின்றாள். டியூட்டி உடையைக்கூட மாற்றவில்லை. "அடி கழுதை!" என்று அவள் அழைத்ததுதான் தாமதம், கொண்டைக்காரி மெக்கானிக்கின் தோளை உதறிவிட்டுப் பறந்து அவள் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"ரொம்ப தேங்க்ஸ் அண்ணே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள்.

"சட்டையக் கழட்டுங்க, தோள்ல எச்சம்" என்றாள் மனைவி.

"இருக்கட்டும் விடு."

வளர்த்தவளுக்குக் கால் போதும், முகம் எதற்கு என்று பார்த்தவரிடமெல்லாம் வியந்துகொண்டிருந்தார். பறவைத் தீனிக் கடைக்காரரிடமும் சொன்னார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே கதவைக் காட்டினார். அங்கே ஒட்டியிருந்த படத்தில் கொண்டை, கன்னம், கண் எல்லாம் பளிச்சென்று இருந்தன. கீழே மெக்கானிக்கின் வீட்டு விலாசம். அதைப் பார்த்துத்தான் நர்ஸ் ஓடி வந்தாளாம்.

ஒட்டிவிட்டுப் போனது அவர் மனைவி, 'வெச்சுக்கலாங்க' என்று சொன்ன அதே சாயங்காலம்.