அப்பா அடித்துத் திருத்திய பேச்சு

எங்கள் அப்பா ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம் பேசுகிறவர். எங்கள் பாகூரைச் சுற்றி, செலியமேட்டிலிருந்து குருவிநத்தம் வரை தீமிதி, ஜவுளிக்கடைத் தள்ளுபடி, எல்லாவற்றையும் ஊர் அவர் குரலில்தான் கேட்கும். அந்தக் குரலுக்கு வாரிசு நான்தான் என்பதில் ஆறாம் வகுப்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. பள்ளியில் செய்தி வாசிப்பது நான், உறுதிமொழி சொல்வதும் நான்.

அந்த வருஷம் விடுதலை நாள் பேச்சுப் போட்டிக்கு 'எங்கள் ஊர் ஏரி' என்று தலைப்புக் கொடுத்தார்கள். அப்பா எழுதித் தருவார் என்று புது நோட்டு வாங்கி வைத்திருந்தேன். அவரோ பக்கத்து வீட்டு அத்தை மகளுக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவளும் என் வகுப்புதான். ஒரு வரி பேசுவதற்குள் நாலு தடவை திக்குவாள். "நீ டீச்சராண்ட எழுதி வாங்கிக்கமா" என்று எனக்கு ஒரே வரியில் முடித்துவிட்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. தினமும் சாயங்காலம் அப்பா அவளை எதிரே நிற்கவைத்துப் பேசச் சொல்வார். நான் வீட்டுப்பாடம் எழுதுகிற சாக்கில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அவள் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால், அதை அடித்துவிட்டு வேறொன்றை எழுதுவார். 'பாகூர்' வரவில்லையா, 'எங்கள் ஊர்'. 'தண்ணீர்' வரவில்லையா, 'நீர்'. நான் ஒரு சொல்லை விட்டால் தலையில் குட்டு. இவள் திக்கினால் பேச்சையே மாற்றுகிறாராம்! கடைசியில் அந்த நோட்டில் எழுத்தைவிட அடித்தல்தான் அதிகம். அவளுக்கு மனப்பாடம் ஆகும் முன்பே எனக்கு ஆகிவிட்டது.

போட்டியில் சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு மூன்றாம் எண், அவளுக்கு நான்கு. மேடையேறி, டீச்சர் எழுதித் தந்ததை விட்டுவிட்டு, அவளுடைய பேச்சை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஏற்ற இறக்கத்தோடு பேசிவிட்டு இறங்கினேன். நல்ல கைதட்டல்.

அடுத்து அவள் ஏறினாள். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். பிறகு அதே பேச்சை ஆரம்பித்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். "இன்னாடி, அதையே சொல்ற?" என்று யாரோ கத்தினார்கள். அவள் நிறுத்தவில்லை, ஓரிடத்தில்கூடத் திக்கவுமில்லை. முடித்தபோது கடைசி வரிசையில் ஒரே ஒருவர் எழுந்து நின்று கை தட்டினார். அது எங்கள் அப்பா.

முதல் பரிசு எனக்குத்தான், ஒரு எவர்சில்வர் டப்பா. ஆட்டோவில் திரும்பும்போது நானே கேட்டேன்.

"பரிசு எனக்குத்தானே குடுத்தாங்க? அவளுக்கு இன்னாத்துக்குப்பா எழுந்து நின்னு கை தட்டுன?"

அப்பா ஆட்டோவை ஓரங்கட்டினார்.

"உனக்கு எந்தப் பேச்சும் வரும்மா. அவளுக்கு அது ஒண்ணுதான் வரும்."

அப்பா வாயாலேயே எனக்குக் கிடைத்த பாராட்டு என்று அதை ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். அத்தை மகளிடமும் போய், ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.