ஓஷன் என்று பெயர் வைத்தவர்

பருத்திப்பட்டு ஏரிப்பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் நான் வாட்ச்மேன். அங்கே செகரெட்டரி ஒருவர் இருந்தார். இஸ்திரி கலையாத சட்டை. வாய் திறக்கும் முன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

மழை பெய்த ஒரு ஞாயிறு, மேல்மாடி ஹாலில் கூட்டம் போட்டார். குடியிருப்புக்கு ‘ஓஷன்’ என்று பெயர் வைக்க வேண்டுமாம்.

"கடல்னா சும்மா இல்ல. உலகத்தைச் சுத்தி ஒரு பெரிய ஆறு ஓடுதுன்னு கிரேக்கர்கள் நம்பினாங்க. அந்த ஆத்தோட பேருதான் இந்த ஓஷன்."

கீழ்வீட்டு அம்மா மூச்சிரைக்க ஏறி வந்தார். "சார், கால்வா அடச்சிகினு கீது. தண்ணி ஊட்டுக்குள்ள ஏறுது சார்."

"இரும்மா, இப்பத்தான் லத்தீனுக்கு வந்திருக்கேன்."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "அண்ணாத்தே, இவுரு இங்கிலீசுக்கு வர்றதுக்குள்ள என் கட்டில் மெதக்கும்."

மண்வெட்டியோடு இறங்கினேன். நானும் அந்த அம்மாவுமாகக் கால்வாய்க் குப்பையை வாரினோம். வாசல்வரை வந்த தண்ணீர் வடிந்தது. மேலே பேச்சு முடிந்து கைதட்டினார்கள்.

செகரெட்டரி குடையோடு வந்து எட்டிப் பார்த்தார். "இந்தத் தண்ணி எங்கய்யா போகுது?"

கையை நீட்டி ஏரியைக் காட்டினேன். அது அவர் பால்கனிக்கு நேர் எதிரே இருக்கிறது. நாலு வருஷமாக அங்கே நின்று எதைப் பார்த்தார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.