எங்கிருந்து, என்ன காரணம், போகும் நேரம்

நசரத்பேட்டையில் எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் ஒல்லி; சட்டை மட்டும் இரண்டு ஆள் சைஸ். வெளியாட்கள் கையெழுத்துப் போடும் நோட்டை, குடிவந்து இரண்டு வருடமான என்னிடமும் தினமும் நீட்டுவார். பெயர், எங்கிருந்து, என்ன காரணம், போகும் நேரம் என்று நான்கு கட்டம். நான் பெயரை மட்டும் கிறுக்கிவிட்டு நழுவுவேன்.

நான் சமூக அறிவியல் ஆசிரியர். மக்கள்தொகைப் பாடம் முடிந்ததும் பத்தாம் வகுப்பை, 'உங்கள் குடும்பம் எங்கிருந்து இடம்பெயர்ந்தது, ஏன்?' என்று ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னேன். மதுரை, சேலம், பாட்னா என்று பிள்ளைகள் பக்கத்தை நிரப்பினார்கள். ஒருத்தி மட்டும், 'எங்கிருந்தும் வரவில்லை' என்று ஒரே வரி எழுதியிருந்தாள். முட்டை போட்டேன்.

அவள் வாட்ச்மேனின் மகள் என்பது சாயங்காலம் கேட்டில்தான் தெரிந்தது. மகளின் நோட்டோடு வழிமறித்தார்.

"இன்னா சார் இது? நாங்க எங்கேந்தும் வரல. தோ, உங்க லிஃப்ட் கீதே, அங்கதான் எங்கம்மா நாத்து நட்டுச்சு. பொய் எழுதினாத்தான் மார்க்கு போடுவீங்களா?"

முட்டைக்கு முன்னால் ஒரு கோடு இழுத்துப் பத்தாக்கினேன். அதை வெளிச்சத்தில் பிடித்துச் சரிபார்த்தவர், வழக்கம்போல் வாசல் நோட்டை நீட்டினார். அன்றுதான் முதன்முறையாக ஒழுங்காக எழுதினேன்: தென்காசி. காரணம்: வேலை.

அவர் விரல் கடைசிக் கட்டத்தில் நின்றது.

"போற நேரம் காலியா கீது சார்."

கேலி செய்தாரா, கடமையைச் செய்தாரா, இன்றுவரை புரியவில்லை. தினமும் கேட்கிறார். அந்தக் கட்டத்தை மட்டும் நான் இன்னும் நிரப்பவில்லை.