பெட்டியில் சாய்ந்த கன்னம்

கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். வெள்ளைத் தொப்பியை இரண்டு விரலால் பின்னுக்குத் தள்ளுவார். பிறகு, தலையணையில் சாய்கிறவரைப்போல மெதுவாகக் குனிந்து, மேசைமேல் நிற்கும் கணினிப் பெட்டியின் தகரச் சுவரில் இடக் கன்னத்தை வைத்துக் கண்களை மூடிக்கொள்வார். "ம்... இப்ப அமத்துங்க" என்பார். பொத்தானை அழுத்துவது எப்போதும் பெட்டியைக் கொண்டுவந்தவரின் வேலை. உள்ளே காற்றாடி சுழலத் தொடங்கும். நளீரின் முகத்தில் எதுவும் அசையாது.

ஏறாவூரில், உப்புநீர் வாவிக்கு முதுகைக் காட்டி நிற்கும், கணினி திருத்தும் ஒற்றை அறைக் கடை. தண்ணீரில் பட்ட வெயில் பின் யன்னலால் ஏறி வந்து கூரையின் அடியில் நெளிந்துகொண்டிருக்கும். திறந்த பெட்டிகளும் கழற்றிய பலகைகளும் அந்த நெளிவுக்குள் கிடப்பதைப் பார்த்தால், கடையே வாவிக்கு அடியில் இருப்பதாகத் தோன்றும். பக்கத்து வீட்டில் தறி ஓடும். திருகாணிகளை அவர் பேரீச்சம்பழப் பெட்டிகளில் போட்டு வைத்திருக்கிறார். ஒரு சொல்லுக்கு மட்டும் அங்கே இடமில்லை.

"செத்துப் போச்சு எண்டு சொல்லாதிங்க. பொட்டி உறங்குது. எழுப்பத் தெரியாம நாமதான் சத்தம் போடுறம்."

மேனுகா அந்தச் சொல்லைத்தான் முதலில் சொன்னாள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம் படிக்கிறவள். வெல்லாவெளிப் பக்கத்து வட்டைகளுக்கு, அந்த வயல்வெளிகள் ஒவ்வொன்றுக்கும், பெயர் எப்படி வந்தது என்று கமக்காரரிடம் இரண்டு வருடம் கேட்டுக் கேட்டு எழுதிய ஆய்வு அந்தப் பெட்டிக்குள் இருந்தது. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். அன்று சனி. அச்செடுத்து வெளியே வைத்திருந்தது முதல் இரண்டு அத்தியாயங்கள் மட்டுமே. பெயர் சொன்ன கிழவர்களில் மூன்று பேர் இப்போது இல்லை. அவர்களிடம் மறுபடி போய்க் கேட்க முடியாது. வேறொரு கடைக்காரர், தாய்ப்பலகை போய்விட்டது, இனிப் பார்த்துப் பயனில்லை என்று கைவிரித்திருந்தார். அம்மா அன்னப்பூரணி பெட்டியைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

"தம்பி, இதுக்குள்ளதான் என்ட பிள்ளைட படிப்பு கிடக்கு" என்றாள், நளீரின் இடப்பக்கத்து ஸ்டூலில் இருந்தபடி. அவர் திரும்பவில்லை. இரண்டாம் முறை சொன்னாள். அதற்கும் இல்லை.

"ஆளப் பாரன்" என்று மகளிடம் முணுமுணுத்தாள். "நாம என்ன பிச்சைக்கா வந்த?"

அவளுடைய வாய் அசைவதைக் கண்டதும் நளீர் எழுந்து, வலப்பக்கம் கிடந்த ஸ்டூலைத் தோளில் கிடந்த துவாயால் தட்டினார்.

"அம்மா, இஞ்சால வந்து இரிங்க. இஞ்சாலதான் காத்து வரும்."

மின்விசிறி மறுபக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்ததை மேனுகா பார்த்தாள்.

கன்னம் சாய்ந்தது. மேனுகா அழுத்தினாள். காற்றாடி சுழன்றது, திரை ஒருமுறை வெளிறியது, எல்லாம் நின்றது. வயரைக் கழற்றிப் போட்டு மறுபடி முயன்றாலும் அதே கதைதான். நளீர் நினைவகப் பட்டையைக் கழற்றி, பள்ளிக்கூட அழிறப்பரால் அதன் பொன்னிறப் பற்களைத் தேய்த்தார். வாவிக் காற்றின் உப்பு அதில்தான் முதலில் ஏறும் என்றார். மாட்டினார். மறுபடியும் நின்றது.

கன்னத்தை எடுக்காமலே கேட்டார்: "கடசியா எப்ப முழிச்சிருந்த?"

"சரஸ்வதி பூசைக்கு முதல் நாள்" என்றாள் அன்னப்பூரணி. "மூண்டு நாளும் புத்தகங்களோட சாமிக்கு முன்னால வெச்சம். ஏடு தொடக்கின அண்டைக்குப் போட்டா இப்பிடி."

"ம்."

அந்த 'ம்' நீளமாக இருந்தது. அவர் உறங்கிவிட்டாரோ என்றுகூட மேனுகா நினைத்தாள். தறி பத்துப் பதினைந்து தடவை ஓடி ஓய்ந்தது.

"புள்ள, நாலு எண்ணினா நிக்கிது. ஒவ்வொரு தரமும் நாலுதான். சுகமில்லாத பொட்டி எண்டா ஒருக்கா மூண்டில நிக்கும், ஒருக்கா பத்தில நிக்கும். இது கணக்கா நாலு. பொத்தான நாலு எண்ணுற வரைக்கும் அமத்திப் பிடிச்சா, நிப்பாட்டச் சொல்றாங்க எண்டு பொட்டிக்கு விளங்கும். ஆரோ கையெடுக்காம அமத்திக்கிட்டிருக்காங்க."

"ஆரு?" என்றாள் அன்னப்பூரணி, பயந்துபோய்.

நளீர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியின் முகத்தைப் பார்த்தார். பொத்தான் உள்ளே போனது போனபடி கிடந்தது. சுற்றியிருந்த இடுக்கில் ஏதோ மஞ்சளாய் இறுகியிருந்தது. நடுவில் சிவப்பாய் ஒரு பொட்டு. நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.

"சந்தனம்."

அன்னப்பூரணி முந்தானையை வாயில் வைத்தாள். "நெத்தி எது எண்டு தெரியல்ல தம்பி. வட்டமா இருந்திச்சு, அதில வெச்சுட்டன்."

"அது நெத்தி இல்லம்மா, மூக்கு. அடுத்த வருசம் கொஞ்சம் மேல வைங்க."

முந்தானைக்குள்ளே, மகளுக்குக்கூடச் சரியாகக் கேட்காத குரலில், "நான்தானே கெடுத்தன்" என்றாள்.

"நீங்க ஒண்டும் கெடுக்கல்ல" என்றார் நளீர், பல்துலக்கும் பிரஷ் ஒன்றை ஸ்பிரிட்டில் தோய்த்தபடி.

இடுக்கெல்லாம் தேய்த்தார். பொத்தான் துள்ளி வெளியே வந்தது. கன்னம் மறுபடி சாய்ந்தது, மேனுகா அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அன்னப்பூரணி ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டாள். ஐந்து. ஆறு. திரையில் நீலம் விரிந்து, வட்டைகளின் பெயர்கள் வரிசை வரிசையாக ஏறி வந்தன. மேனுகா எண்ணுவதை நிறுத்த மறந்து இருபது வரைக்கும் போனாள்.

பெட்டியைத் துவாயால் துடைத்துக் கொடுத்தபோது, அதன் பக்கவாட்டில் அன்னப்பூரணி வைத்திருந்த இன்னொரு சந்தனப் பொட்டை மட்டும் அவர் துடைக்கவில்லை. துவாய் அதைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

மூன்று வாரம் கழித்து, அட்டை போட்டுக் கட்டிய ஆய்வின் பிரதி ஒன்றோடு மேனுகா வந்தாள். மழை இருட்டு. கூரையின் அடியில் நெளிவு இல்லை. நளீர் யாருடையதோ ஒரு பெட்டியில் கன்னத்தைச் சாய்த்து, கண்மூடி இருந்தார். அவருடைய இடப்பக்கம், யன்னலோரமாக நின்று, அண்ணனை அழைக்கும் முறையில் "நானா" என்றாள். மறுபடியும் "நானா" என்றாள். மூன்றாம் முறை கூப்பிட்டபோது, தேத்தண்ணியோடு வந்த அவருடைய மனைவி பரீனா அவளை மெல்லத் தொட்டு, மேசையைச் சுற்றி மறுபக்கம் அழைத்துப் போனாள்.

"இஞ்சால நிண்டு கூப்பிடுங்க புள்ள. பொட்டியில வெச்சிருக்கிற அந்தக் காது அவருக்கு ஏழு வயசில இருந்தே கேக்கிறல்ல."