கட்டத்துக்குள் வண்டிப்பேட்டை

உதயகுமார் ஏரிக்கரையை எண்ணிக்கொண்டிருக்கிறார். பென்சில் முனை தாளில் கட்டம் கட்டமாக நகர்கிறது. உதடு அசைகிறது, சத்தம் வருவதில்லை. இந்த நேரத்தில் யார் பேசினாலும் பதில் கிடைக்காது. எண்ணிக்கை தவறினால் ஏரி நகர்ந்துவிடும். ஏரி நகர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தப்பான வயலில் நிற்க வேண்டியிருக்கும்.

பிள்ளையார்பாளையத்தில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுவது அவர் தொழில். அன்னமோ யாளியோ, சின்னதாக வரைந்ததைக் கட்டத்தாளில் பெரிதாக்கி, எந்தக் கட்டம் ஜரிகை, எந்தக் கட்டம் பட்டு என்று நிரப்பித் தருவார். வார நாட்களில் அன்னம். ஓய்வு நாளில் தாலுகா வரைபடம்.

வரைபடம் வெள்ளைக்காரன் காலத்தது. தெரிந்தவர் ஒருவர் போனில் படமெடுத்து அனுப்ப, ஜெராக்ஸ் கடையில் பெரிதாகப் போட்டு வாங்கிக்கொண்டார். இன்று சாலையே இல்லாத இடத்தில் அதில் வண்டிப்பாதை ஓடுகிறது. இன்று கத்தரிக்காய் விளையும் இடத்தில் எறும்பு எழுத்தில் 'சந்தை' என்று இங்கிலீஷில் போட்டிருக்கிறது. அந்த இடங்கள்தான் அவருக்கு வேண்டும். "கூட்டம் கூடுன எடத்துல எவனாச்சும் எதையாச்சும் உட்டுட்டுத்தாம்பா போயிருப்பான்" என்பார்.

பழைய வரைபடத்தைக் கட்டத்தாளுக்கு மாற்றுவார். போனில் தெரியும் இன்றைய ஊரையும் அதே அளவுக்கு மாற்றுவார். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, கோயிலும் ஏரி மதகும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார். அவை இரண்டும் இடம் மாறாதவை. மற்ற எதையும் அவர் நம்புவதில்லை.

பொருந்திவிட்டால், மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் மிஷினை பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்புவார். ஆன்லைனில் வாங்கியது. நீளமான கோல், நுனியில் சாப்பாட்டுத் தட்டளவு வட்டம். நிலத்துக்காரரைக் கேட்காமல் வரப்பைத் தாண்டமாட்டார். தோண்டிய குழியை மூடி, பெயர்த்த புல்லையும் திரும்ப நட்டுவிட்டு வருவார். கிடைப்பவை பெரும்பாலும் மாட்டு லாடங்கள், சில வண்டிக் கடையாணிகள். புதையல் அகப்பட்டதா என்று கேட்பவர்களிடம் ஒரு லாடத்தை எடுத்துக் காட்டி, மாட்டுக்கு ஏன் ஒரு காலுக்கு இரண்டு லாடம் என்று விளக்குவார். அடுத்த முறை கேட்கமாட்டார்கள்.

ஒரே ஒருமுறை ஏமாந்திருக்கிறார். செவிலிமேட்டுப் பக்கத்து வரைபடம் ஒன்றில் வலது பாதியைக் கரையான் தின்றிருந்தது. டிசைன் வேலையில் பாதிப் பூ வரைந்தால் போதும், மறுபாதி அதையே திருப்பிப் போடுவது. கை பழக்கத்தில் அதைச் செய்துவிட்டது. ஒரு மாதம் ஞாயிறுதோறும், எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு சாலையில் நடந்து, சோடா மூடிகள் சேர்த்தார். விஷயம் தெரிந்ததும் அவர் மனைவி காயத்ரி, "ரோட்டுக்கும் ரெண்டு பக்கம் பார்டர் போட்டுட்டீங்களா?" என்று கேட்டார். உதயகுமார் அழிரப்பரைத் தேடினார்.

இப்போது அவர் எண்ணுவது மாகறல் போகும் வழியில் இருக்கும் ஒரு கிராமத்து ஏரியை. அங்கே மாட்டு வண்டிகளை அவிழ்த்துப் போடும் வண்டிப்பேட்டை ஒன்று இருந்ததாக வரைபடம் சொல்கிறது. அது இன்று குப்புசாமியின் வயல். போன மாதம் அனுமதி கேட்கப் போனபோது, மிஷினைப் பார்த்த குப்புசாமி, புதையல் எடுக்க ஆள் வந்திருப்பதாக நேராகக் கிராம நிர்வாக அலுவலர் ரேவதியிடம் போய்விட்டார். அன்றிலிருந்து மிஷின் ரேவதியின் அலுவலக பீரோவுக்குப் பின்னால் நிற்கிறது.

"கம்ப்ளைன்ட் வந்துடுச்சு சார், நான் சும்மா இருக்க முடியாது" என்றார் ரேவதி. "ஒருநாள் என் முன்னாடி தேடிக் காட்டுங்க. பழைய இரும்புதான்னா மிஷினைக் கையோட எடுத்துக்கினு போங்க. காசு, வெள்ளி, செப்புன்னு ஏதாச்சும் வந்துச்சுன்னா மேல அனுப்பணும். மிஷினும் கூடவே போயிடும். அப்புறம் என் கையில இல்ல."

வீட்டில் காயத்ரியும் மிஷினுக்காகக் காத்திருக்கிறார். "சீக்கிரம் வாங்கிக்கினு வந்துடுங்க. ஞாயித்துக்கெழமையானா சமையக்கட்டுல உக்காந்துக்கினு டப்பாவெல்லாம் வரிசை மாத்தறீங்க. உப்பு எங்க இருக்குதுன்னே தெரியல."

குறித்த நாள் காலையில் உதயகுமாரும் ரேவதியும் குப்புசாமியும் மிஷினோடு வயலில் நின்றார்கள். அறுவடை முடிந்து நெல் தாள்கள் காய்ந்திருந்தன. குப்புசாமி இரண்டு கோணிப்பைகள் கொண்டுவந்திருந்தார்.

"எதுக்குண்ணா ரெண்டு?" என்றார் ரேவதி.

"ஒண்ணு பத்தலன்னா இன்னா பண்றது மேடம்?"

உதயகுமார் கட்டத்தாளை வரப்பில் விரித்து, மேலே டிபன் பாக்ஸை வைத்தார். "பேட்டை இங்கதான் இருந்துச்சு. லாடம் வரும்" என்று முன்கூட்டியே சொன்னார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தறியில் நாடா போய் வருவதுபோல் மிஷினை இடமும் வலமுமாக வீசி நடந்தார்.

முதலில் வந்தது லாடம். அடுத்தது கடையாணி. பிறகு உடைந்த லாடம். குப்புசாமி ஒவ்வொன்றையும் வாங்கி, எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். நான்காவதைத் தேய்க்கவில்லை.

"இதுக்கா இம்மாந்தூரம் பெட்ரோல் போட்டுக்கினு வர்ற?"

"ஆமா."

"வூட்ல ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?"

"சொல்லுவாங்க."

குப்புசாமி கோணிகளை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ரேவதி வெயிலுக்குத் துப்பட்டாவை இழுத்துவிட்டார். "போதும் சார். நான் பாத்துட்டேன். மிஷினை நீங்களே வச்சுக்கோங்க. கெளம்பலாம்."

"இன்னும் ஒரு வரிசை பாக்கி இருக்குதும்மா."

"அதான் முடிஞ்சிருச்சே."

"வரிசை முடியலம்மா."

அவர் திரும்பிக் கடைசி வரிசையில் நடந்தார். ரேவதி ஸ்கூட்டர் சாவியைப் பையில் தேடினார். குப்புசாமி வரப்பேறிவிட்டார்.

இரும்பு என்றால் ஹெட்போனில் தவளை கத்துவதுபோல் கேட்கும் என்று தொடங்கும்போதே ரேவதியிடம் சொல்லியிருந்தார். காலையிலிருந்து தவளைதான். இப்போது, வரிசை முடிய நாலைந்து கட்டம் இருக்கையில், மெல்லியதாக, உயரமாக ஒரு சத்தம் வந்தது. செம்பும் வெள்ளியும் அப்படித்தான் பேசும். வெளியே யாருக்கும் அது கேட்காது.

உதயகுமார் நின்றார். மிஷினைக் குறுக்காக ஒருமுறை வீசினார். நெடுக்காக ஒருமுறை வீசினார். அதே சத்தம், அதே இடம்.

"இன்னா சார், அங்கயும் லாடமா?" என்று சாவியோடு வந்தார் ரேவதி.

உதயகுமார் மிஷினின் வட்டத்தை அந்த இடத்தின் மேலேயே அசைத்துக்கொண்டிருந்தார். மறுகையால் ஹெட்போனைக் கழற்றினார். வியர்வை படிந்த பஞ்சு வளையங்களை ஒவ்வொன்றாகச் சட்டை நுனியில் துடைத்தார். பிறகு, ரேவதி தலையில் வைத்திருந்த பூ நசுங்காமல், ஹெட்போனை அவர் காதுகளில் மாட்டிவிட்டார்.