சைலன்சரில் ஒட்டிய ரெயின்கோட்

இன்று கடலூரில் எனக்கு முதல் நேர்காணல். மாமா தன் புது புல்லட்டில் சிதம்பரத்திலிருந்து அழைத்துப்போனார்.

பாதி வழியில் என் ரெயின்கோட் சைலன்சரில் உருகி ஒட்டிக்கொண்டது. மாமா வண்டியை ஓரம் கட்டினார்.

“குரோம் போச்சே பாப்பா! நல்லா சூடாகி இளகுனாத்தான் சொரண்ட முடியும். ஆக்சிலேட்டர முறுக்கு.”

முறுக்கினேன். அவர் மூங்கில் குச்சியால் சுரண்டினார். எஞ்சின் உறுமியது, நாங்கள் நகரவில்லை. கடலூர் பஸ்கள் கடந்துபோயின. ஒட்டவைத்தது நானாயிற்றே, எப்படி அவசரப்படுத்துவது?

கடைசியில் வாயைத் திறந்தேன். “மாமா, கடலூர் வரைக்கும் ஓட்டுனாலே சூடாயிடுமே?”

“இத மொதல்லயே சொல்றதுக்கென்ன, படிச்ச புள்ள!”

நேர்காணல் அறைக்குள் கடைசி ஆளாக நுழைந்துவிட்டேன்.

இப்போது திரும்பும் வழியில், மீதிக் கறையை இளக்க, வீட்டைத் தாண்டி ஸ்ரீமுஷ்ணம் வரை ஓட்டலாம் என்கிறார். பின்சீட்டில் நான். யாராவது என்னைப் போனில் அவசரமாகக் கூப்பிடுங்களேன்!