குழி மேடத்தின் லேப்டாப்

லிஃப்ட்டுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் அந்த அலுவலகத்தில் ஒன்பது ஆய்வாளர்கள் இருந்தார்கள். லிஃப்ட்டின் அடியில் ஆள் உயரத்துக்கு ஒரு குழி இருக்கும். எட்டுப் பேர் அதை மேலே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் படிவத்தில் 'சரி' என்று குறிப்பார்கள். ஒருத்தி மட்டும் ஏணி வைத்து உள்ளே இறங்குவாள். எண்ணெய் சிந்தியிருக்கிறதா, தண்ணீர் ஊறுகிறதா என்று தரையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மேலே வருவாள். அதனால் அவளுக்குக் குழி மேடம் என்று பெயர் விழுந்தது. கேலிக்கு வைத்த பெயர்தான். இருபத்திரண்டு வருடத்தில் அது கேலி என்பதே எல்லோருக்கும் மறந்துபோனது. வெளியிலிருந்து போன் செய்பவர்கள்கூட, "குழி மேடம் இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

அவள் அங்கே முதலில் சேர்ந்தது தட்டச்சு வேலைக்கு. ஒருநாள் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை என்று ஒரு ஆய்வாளர் அவளைக் கூட்டிப்போனார். லிஃப்ட்டின் கூரைமேல் ஏறி நின்று, இருட்டுக்குள் இரும்புக் கயிறுகள் மேலே போய்க்கொண்டே இருப்பதைப் பார்த்தாள். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை. மாலை வகுப்புக்குப் போனாள். தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டாள். மூன்றாவது முறை பாஸாகி, அதே அலுவலகத்தில் ஆய்வாளராக உட்கார்ந்தாள்.

கயிறு, பிரேக், கதவு எதுவானாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. தகராறு எல்லாம் எழுத்து வேலையில்தான். கிரீஸ் கையோடு நோட்டுப் புத்தகத்தில் கிறுக்கியதை அலுவலகத்துக்கு வந்து மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். அவள் கையெழுத்தோ கோழி கிளறின மாதிரி இருக்கும். தான் எழுதியது மூன்றா எட்டா என்று தானே தடுமாறிப்போய், ஒருமுறை பிரேக்கின் அளவைச் சரிபார்க்க மறுபடி அந்தக் கட்டிடத்துக்கே போய்வந்தாள். அந்தச் சமயத்தில், ஆய்வு செய்த அன்றைக்கே அறிக்கை வந்தாக வேண்டும் என்று அலுவலகத்தில் உத்தரவு போட்டார்கள்.

வெளியூரில் படிக்கும் மகளிடம் போனில் இதைச் சொல்லிப் புலம்பினாள்.

"லேப்டாப்பும் டேப்லெட்டும் ஒண்ணா வருதும்மா," என்றாள் மகள். "திரையை முழுசாப் பின்னாடி மடிச்சுட்டா வெறும் பலகை மாதிரி ஆயிடும். நின்னுக்கிட்டே பேனாவால எழுதலாம். விரிச்சா தட்டச்சு பண்ணிக்கலாம். உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

வாங்கிவந்த நாளில் வீட்டு மேசைமேல் வைத்துத் திரையைப் பின்னால் தள்ளினாள். அவள் கணவருக்கு ரொட்டிக்கடையில் வேலை. விடியுமுன் போய் மதியத்துக்குள் வீடு திரும்பிவிடுவார். கதவு திறப்பது போலத் திரை பின்பக்கம் போய்க்கொண்டே இருந்ததைப் பார்த்து அவருக்குப் பதறியது.

"போதும், போதும். உடைஞ்சுடப் போவுது."

"உடையாதுங்க. அப்படித்தான் செஞ்சிருக்காங்க."

"கையைப் பின்னால முறுக்கற மாதிரி இருக்கு, என்னால பார்க்க முடியல," என்று சொல்லி அவர் சமையலறைக்குப் போய்விட்டார். ஒரு வாரம் கழித்து, அதே லேப்டாப்பைக் கூடாரம் போலக் கவிழ்த்து நிறுத்தி, கால்பந்து பார்த்துக்கொண்டே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

ஆறு மாதம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அவளுக்கும் சில மனத்தாங்கல்கள் இருந்தன. டேப்லெட் என்று பெயர்தானே தவிர நல்ல கனம். ஒரு கையில் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றால் தோள் விட்டுப்போகும். மடித்துப் பிடிக்கும்போது பின்பக்கம் கீபோர்டின் விசைகள் விரலில் தட்டுப்பட்டுக்கொண்டே இருக்கும், எதையோ அழுத்திவிட்டோமோ என்று ஒரு பயம். குனிந்து பார்த்தால் படம் தலைகீழாகத் திரும்பிக்கொள்ளும். ஆனால் விரிசல் விட்ட இடத்தைப் படம் பிடித்து, படத்தின் மேலேயே பேனாவால் வட்டம் போட்டு, 'இங்கே' என்று எழுத முடிந்தது. அந்த ஒரு வசதிக்காக மற்றதை எல்லாம் பொறுத்துக்கொண்டாள்.

ஏழாவது மாதம் அது அவள் காலை வாரத் தொடங்கியது. ஒரு கட்டிடத்தின் வரவேற்பறையில் உட்கார்ந்து, மடியில் பையை வைத்து, அதன்மேல் லேப்டாப்பை விரித்துத் தட்டினால் ஒரு எழுத்துகூட விழவில்லை. கீபோர்டு ஊமையாகிவிட்டது. அணைத்துப் போட்டுப் பார்த்தாள். ம்ஹூம். அப்படியே தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் மேசையில் வைத்துத் தட்டினார். எழுத்துகள் மழை மாதிரி விழுந்தன.

"நல்லாத்தானே இருக்கு மேடம்."

"இப்பதாங்க வேலை செய்யல. சத்தியமா."

டாக்டரைப் பார்த்ததும் பல்வலி ஓடிப்போன குழந்தை போல அவள் அசடு வழிந்தாள். மூன்று வாரத்தில் மூன்று முறை இதே கதை நடந்தது. மூன்றாவது முறை கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "உள்ள மெயின் போர்டுல ஏதோ இருக்கு. மாத்தினா புதுசு வாங்கற மாதிரி ஆயிடும், யோசிச்சுக்கோங்க," என்றார்.

அந்த வாரம்தான் எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றுக்குப் போனாள். அங்கே இருந்தது ஒரே லிஃப்ட். அந்த லிஃப்ட்டைப் பராமரிக்கும் மெக்கானிக் கூட வந்தார். இளைஞர், வேலையில் கெட்டிக்காரர். இருவரும் லிஃப்ட்டின் கூரைமேல் ஏறினார்கள். நிறுத்தும் விசையை அழுத்திவிட்டு, போன மாதம் புதிதாக வாங்கியிருந்த டார்ச்சை எடுத்துப் பக்கத்து இரும்புத் தண்டில் வைத்தாள். அடியில் காந்தம் இருந்ததால் அது 'டக்' என்று ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டு கைகளும் சும்மா இருந்ததால் கயிறுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே பார்த்தாள். ஐந்து கயிறுகள். மூன்றில் கம்பி இழைகள் அறுந்து முள் போல நீட்டிக்கொண்டிருந்தன. எண்ணினாள். அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது.

"ஒரு மாசம் தாங்கும் மேடம்," என்றார் மெக்கானிக். "கயித்துக்குச் சொல்லி வச்சிருக்கேன், வந்துடும்."

"வர்ற வரைக்கும் ஓடக்கூடாது தம்பி."

கீழே வந்து கட்டிட மேலாளரிடம் சொன்னாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னைக்கா நிறுத்தணும்? ஏழாவது மாடிக்குக் குடி வர்றாங்க. மூணு மணிக்கு லாரி வந்துடும். பீரோ, வாஷிங் மெஷின் எல்லாம் இருக்கு. நாளைக்குக் காலையில நிறுத்திக்கலாமே."

"இன்னைக்குத்தான் நிறுத்தணும். அதுவும் பீரோ ஏறதுக்கு முன்னாடி."

"நீங்க வாயால சொன்னதை நம்பி நிறுத்தினா, குடி வர்றவங்க என் சட்டையைப் பிடிப்பாங்க. எழுத்துல குடுங்க, நிறுத்திடறேன்."

அவர் கேட்டதில் தப்பில்லை. விதியும் அப்படித்தான். அறிக்கை அலுவலகத்துக்குப் போய், அதன் நகல் மேலாளர் கைக்கு வந்தால்தான் பூட்டுப் போட முடியும். மணி இரண்டேகால். அவள் வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, லேப்டாப்பை விரித்தாள்.

கீபோர்டு பேசவில்லை.

அழுத்தினாள், அணைத்தாள், மறுபடி போட்டாள். கெஞ்சாத குறை. மேலாளர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலகத்துக்குப் போய்த் தட்டச்சு செய்து வரலாம் என்றால் அதற்குள் பீரோ மேலே போயிருக்கும். ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, எழுத்து விழாத பாதியைக் கட்டிக்கொண்டு அழுவானேன் என்று, திரையை முழுசாகப் பின்னால் மடித்துப் பேனாவை எடுத்தாள்.

திரையில் இருந்த படிவத்தின் மேலேயே கையால் எழுதினாள். இந்த முறை பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி, வளைத்து, புள்ளி வைத்து எழுதினாள். கயிறுகளின் படத்தை ஒட்டி, அறுந்த இழைகள் ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்பில் வட்டமிட்டாள். கடைசி வரியில் 'இந்த நிமிடம் முதல் இயக்கக்கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். மணி இரண்டு நாற்பத்தெட்டு.

மேலாளரின் போனில் மணி அடித்து, அறிக்கையின் நகல் வந்தது. அவர் திரையைப் பெரிதாக்கிச் சிவப்பு வட்டங்களைப் பார்த்தார். பத்துப் பன்னிரண்டு இருந்தன. எழுதியதைப் படிக்கக்கூட இல்லை. "இவ்வளவு போச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

லாரி வந்தது. சுமைக்காரர்கள் ஏழு மாடிக்கும் படியேறினார்கள். பீரோவோடு நான்காவது மாடித் திருப்பத்தில் நின்று அவளைத் திட்டியது கீழே வரைக்கும் கேட்டது. அவளுக்கு அது காதில் ஏறவில்லை. சுவரில் சாய்ந்து ஒரு பாட்டில் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தாள்.

ஐந்தாம் நாள் மெக்கானிக்கே போன் செய்து கூப்பிட்டார். பழைய கயிறுகளைக் கழற்றிக் கீழே போட்டிருந்தார். ஒன்றை வெட்டிப் பிரித்துக் காட்டினார். உள்ளே துரு பொடிப்பொடியாக உதிர்ந்தது. வெளியே தெரிந்ததைப்போல இரண்டு மடங்கு இழைகள் உள்ளே அறுந்திருந்தன.

"ஒரு மாசம்னு சொன்னேன்ல," என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல். "பீரோவோட நடுவுல நின்னிருந்தா..."

"நிக்கலையே தம்பி. விடுங்க. புதுக் கயிறு எப்படி இழுக்குதுன்னு பார்க்கலாம் வாங்க."

புதுக் கயிறுகளில் லிஃப்ட் ஒரு சின்ன அதிர்வுகூட இல்லாமல் எட்டு மாடியும் போய் இறங்கியது. சான்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அன்றைக்கு வேறு கட்டிடம் இல்லை என்பதால் மதியமே வீட்டுக்கு வந்தாள். நெஞ்சில் ஐந்து நாளாக உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. லேப்டாப்பின் கவலை மட்டும் பாக்கி.

கணவர் சாப்பாட்டு மேசையில் அவள் பையை ஒதுக்கி இடம் பண்ணிக்கொண்டிருந்தார். பையிலிருந்து டார்ச் உருண்டு லேப்டாப்பின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. திறந்திருந்த திரை சட்டென்று அணைந்தது.

"நான் ஒண்ணும் பண்ணல," என்றார் அவர் உடனே.

அவள் டார்ச்சைப் பிய்த்து எடுத்தாள். திரை எரிந்தது. மறுபடி வைத்தாள். அணைந்தது. பிறகு லேப்டாப்பை அங்கே இங்கே நகர்த்தி, அடியில் டார்ச்சை வைத்துத் தட்டிப் பார்த்தாள். ஓரிடத்தில் திரை எரிந்தபடியே இருந்தது, கீபோர்டு மட்டும் ஊமையானது.

உடனே மகளுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். மகள் சிரித்தே விட்டாள். "அம்மா, மடிச்சிருக்கா விரிச்சிருக்கான்னு அது காந்தத்தை வச்சுத்தான் கண்டுபிடிக்கும். ஓரத்துல காந்தம் பட்டா, மூடிட்டாங்கன்னு திரையை அணைச்சிடும். அடியில வச்சா, பின்னாடி மடிச்சுட்டாங்கன்னு நினைச்சுக் கீபோர்டை நிறுத்திடும். டார்ச்சை எங்க வச்சிருப்ப?"

"பையோட வெளி அறையில. அந்தப் பையைத்தான் மடியில வச்சு, அதுமேல லேப்டாப்பை..." சொல்லிமுடிக்குமுன் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ரிப்பேர் கடையில் மூன்று முறையும் லேப்டாப் மேசைமேல் இருந்தது, பை அவள் தோளில் இருந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். ஒரு குறையும் இல்லாத இயந்திரத்தை மூன்று வாரமாக நோயாளி ஆக்கி வைத்திருந்திருக்கிறாள்.

"அப்ப போர்டு மாத்த வேண்டாமா?" என்றார் கணவர்.

"ஒண்ணும் மாத்த வேண்டாங்க."

"நல்லதாப் போச்சு. சாயங்காலம் மேட்ச் இருக்கு."

அன்று மாலையே டார்ச்சுக்கு இடுப்பில் மாட்டும் துணிப்பை ஒன்றைத் தைத்துக்கொண்டாள். மறுவாரம் அலுவலகத் தலைவர் அவளைக் கூப்பிட்டு, எல்லா ஆய்வாளர்களுக்கும் இதே மாதிரி வாங்கலாமா என்று கேட்டார். கனம், விசைகள், தலைகீழாகத் திரும்பும் படம், காந்தம் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் குழம்பிப்போனார்.

"நீங்க திட்டறீங்களா, பாராட்டறீங்களா?"

"வாங்குங்க சார். ஒரு பாதி மக்கர் பண்ணினாலும் இன்னொரு பாதி கை கொடுக்குது," என்று சொல்லிவிட்டு எழுந்தாள். பதினொரு மணிக்கு ஒரு துணிக்கடையின் சரக்கு லிஃப்ட்டைப் பார்க்க வேண்டியிருந்தது.